மழை பார்த்து வாங்கிய வீடு

தாண்டவன்வெளி,
மட்டக்களப்பு.
14.07.2024

அன்புள்ள ஜெனி அக்காவுக்கு,

இயேசுவின் சமாதானம் உங்களோடு இருக்கட்டும். அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். பண்டாரவளைக் குளிரில் உங்கள் மூக்கடைப்பு எப்படி இருக்கிறது? கன்னியாஸ்திரிகளுக்குப் பயிற்சி தரும் நவதுறவகத்தில் தொலைபேசி தரமாட்டார்கள் என்பது அம்மாவுக்குக் கவலை. எனக்கு இல்லை. கடிதத்தில்தான் நீளமாகக் கதைக்கலாம்.

பெரிய செய்தி இருக்கிறது. ஒரு வீடு கிடைத்திருக்கிறது! செட்டிபாளையத்தில், வாவிப் பக்கம். அப்பா பாண் விற்க ஆட்டோவில் போனபோது மதிலில் 'விற்பனைக்கு' என்று எழுதியிருப்பதைக் கண்டாராம். வீட்டுக்காரர் பெயர் வல்லிபுரம், ஓய்வுபெற்ற தபாற்காரர். கொழும்பில் மகனோடு போய் இருக்கப் போகிறார். ஞாயிறு பூசை முடிந்ததும் மூவரும் போய்ப் பார்த்தோம். ஒரு மண்டபம், இரண்டு அறை, ஒரு சின்ன அறை, பின்னால் குசினி. அப்பா எதையும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளிக் குடித்துவிட்டு, "செபஸ்தி, இளநி மாதிரி இருக்குகா!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார். கடலுக்கும் வாவிக்கும் நடுவே உவர் இல்லாத கிணறு. அத்தோடு அவர் வீடு பார்த்தது முடிந்துவிட்டது.

வீட்டு உறுதிப் பத்திரத்தை உங்கள் பெயரில்தான் எழுதுவேன் என்று அம்மா நிற்கிறார். "மூத்த புள்ளைக்குத்தான் வீடு. அவள் எங்க இருந்தாலும் மூத்தவள்தான்." அதுவும் நவம்பர் 21ஆம் திகதி நீங்கள் துறவியாகக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் எழுதிவிட வேண்டுமாம். வீடு இருந்தால் நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள் என்று அவர் நினைக்கிறார். வாயால் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிகிறது. உங்கள் அடையாள அட்டைப் பிரதியை உடனே அனுப்பச் சொன்னார்.

வீடு வாங்குவது பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்திருக்கிறேன். நாற்பது பக்கம் முடிந்தது. நவதுறவகத்தில் கூரை, மழைநீர்ப் பீலி எல்லாம் உங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தீர்களே, நான் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பிரியமுள்ள தங்கை,
டினுஷா


பண்டாரவளை
29.07.2024

என் அன்பு டினு,

உன் கடிதம் வந்த அன்று நான் ஏணியில் நின்றேன். மூக்கடைப்பு போய்விட்டது, அதன் இடத்துக்கு இருமல் வந்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி? அப்பா வெயிலில் தொப்பி போடுகிறாரா?

இந்தக் கட்டடம் மிகவும் பழையது. மழைக்கு முன் பீலியில் சருகு அள்ளாவிட்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, மூன்று மாதம் கழித்து உள்ளே கறுப்புப் பூஞ்சணமாய் வரும். வீட்டின் நோய் வேறு இடத்தில் இருக்கும், அடையாளம் வேறு இடத்தில் தெரியும். இதை நான் இங்கேதான் படித்தேன்.

நீ போகும்போது அலுமாரியை நகர்த்திப் பின்சுவரைப் பார். சுவரில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் கடல் மணலில் பூசியிருக்கிறார்கள், அந்தப் பூச்சு நிற்காது. கதவு நிலைகளை விரல் மடக்கித் தட்டு. உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்டால் கறையான். ஓடுகளுக்குக் கீழே வெளிச்சப் புள்ளி தெரிகிறதா பார். வெள்ளத்தைப் பற்றி விற்கிறவரிடம் கேட்காதே. பக்கத்து வீட்டில் கேள்.

அம்மாவுக்கு என் முத்தம்.

எல்லோருக்காகவும் செபிக்கும்,
ஜெனிற்றா


தாண்டவன்வெளி
11.08.2024

அன்புள்ள அக்கா,

சுகம், சுகம் அறிய ஆசை. இருமலுக்கு அம்மா கற்பூரவள்ளி இலை சொல்லச் சொன்னார். அது அங்கே முளைக்குமா தெரியாது. முழங்காலைப் பற்றி நீங்கள் கேட்டது அவருக்குப் பெரிய சந்தோஷம்.

நீங்கள் சொன்னபடி கொப்பியோடு போனேன். வல்லிபுரம் ஐயா, "என்ன, பரீட்சை எழுதவா வந்தீங்க?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அலுமாரியைத் தள்ளச் சொன்னேன். சுவர் சுத்தம். நிலைகள் பாலை மரம், தட்டினால் விரல்தான் வலித்தது. கூரையில் ஏழு புள்ளி வெளிச்சம். ஏழு ஓடு மாற்றினால் போதும்.

ஆனால் குசினியில் ஒன்றைக் கண்டேன். சுவர் முழுக்கப் பழைய சுண்ணாம்பு, கீழே என் முழங்கால் உயரம் வரை மட்டும் புதுச் சுண்ணாம்பு. கேட்டேன். "கரி பிடிச்சிருந்த, அடிச்சன்" என்றார். கரி அடுப்புக்கு மேலேதானே பிடிக்கும்?

பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் அன்ரியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, "மாரியில வந்து பாருகா, தெரியும். நான் ஒண்டும் சொல்லல்ல. வல்லிபுரத்தாரோட எனக்குக் கோபமும் இல்ல" என்றார்.

அம்மா குசினிக்குள் காலே வைக்கவில்லை. படலை அகலமா, மண்டபத்தில் பத்துக் கதிரை போடலாமா, முன் மதில் உயரமா என்று அளந்தார். "நாலு பேர் மாப்பிள்ள பேசி வந்தா இருத்த இடம் வேணுமே" என்றார். எந்த மாப்பிள்ளை, அக்கா?  அப்பா கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடையாள அட்டைப் பிரதியை மறந்துவிட்டீர்கள். அம்மா தபாற்காரரைத் தினமும் மறிக்கிறார்.

உங்கள்,
டினு


பண்டாரவளை
01.09.2024

அன்புத் தங்கச்சி,

கற்பூரவள்ளி இங்கே சமையலறை ஓரத்திலேயே நிற்கிறது. இருமல் குறைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்.

முழங்கால் உயரப் புதுச் சுண்ணாம்பைக் கண்டுபிடித்தாயே, எனக்கு உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. சின்னத்தங்கம் அன்ரி சொன்னதுதான் சரி. வாவிக்கரை வீட்டை வெயில் காலத்தில் பார்ப்பது, ஆளைப் படத்தில் பார்ப்பது போல. மாரி வரட்டும். பெரிய மழை பெய்து, வாவி ஏறி, முகத்துவாரத்தில் மணலை வெட்டிக் கடலுக்குத் தண்ணீர் விடும் நாள்வரை பொறுங்கள். தண்ணீர் எதுவரை வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள். வீட்டை நிதானமாகத்தான் வாங்க வேண்டும்.

அந்தச் சின்ன அறைக்கு யன்னல் எந்தப் பக்கம்? வாவிக் காற்று வருமா?

அன்புடன்,
ஜெனிற்றா


தாண்டவன்வெளி
15.09.2024

ஜெனி மனே,

அம்மா சொல்றன், டினு எழுதுறாள். நான் சொல்றபடியே எழுது, உன்ட புத்தகத் தமிழ் வேணாம் எண்டு சொல்லித்தான் பக்கத்தில இருத்தி வச்சிருக்கன். கர்த்தர் உனக்குச் சுகம் தரட்டும். எனக்கு முழங்கால் பறவாயில்ல. அப்பாக்கு ஒரு குறையும் இல்ல, பாண் விக்கிறதில மிஞ்சின பணிசு எல்லாத்தையும் அவரே திண்டுபோட்டு வாறார்.

மழை வரட்டும் எண்டு எழுதியிருக்கிறாய். மழை எப்ப வரும்? உன்ட வார்த்தைப்பாடு முடிஞ்ச பொறகு வரும். எனக்கு விளங்காதெண்டு நினைச்சியா?

உன்ன நான் மறிக்கல்ல மனே. ஆண்டவர் கேட்டா குடுக்கத்தான் வேணும். ஆனா பொம்புளப்புள்ளைக்கு அவள்ட பேர்ல ஒரு கூரை இருக்கணும். நாளைக்கு அங்க உனக்கு மனசு மாறினா, ஆரையும் கேக்காம, ஆர்ட முகத்தையும் பாக்காம, வந்து கதவத் திறக்கலாம். அதுக்குத்தான். வேற ஒண்டுக்கும் இல்ல.

உறுதி எழுதுற நொத்தாரிசு ஐயா தந்த படிவம் இதுக்குள்ள இருக்கு. புள்ளடி போட்ட இடத்தில கையெழுத்து வச்சு அனுப்பு.

(அம்மா இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சின்ன அறை யன்னல் மேற்கே, வாவிப் பக்கம். நல்ல காற்று வருகிறது. - டினு)

அம்மா,
செபஸ்தியம்மா


தாண்டவன்வெளி
13.10.2024

அன்புள்ள அக்கா,

நான்கு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. சுகமில்லையா? தபாற்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது இப்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு காணிப் பதிவகத்துக்குப் போனேன். உறுதி சரியானது, வேறு யாருக்கும் ஈடு வைக்கப்படவில்லை. பிறகு நில அளவைப் படத்தை வாங்கி, அப்பா நாடாவைப் பிடிக்க, நான் அளந்தேன். வேலியிலிருந்து இரண்டு தரம் அளந்தோம். குசினியும் மலக்குழியும் படத்துக்கு வெளியே இருக்கின்றன! வாவிக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய நிலத்தில் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் விலை கொடுத்தாலும் அந்தத் துண்டு எங்களுடையது ஆகாது.

வல்லிபுரம் ஐயாவிடம் படத்தை விரித்துக் காட்டினேன். "இருவது வருசமா அதிலதான் சமைக்கிறம், ஒருத்தரும் கேக்கல்லயே" என்றார். பிறகு, கல்முனையிலிருந்து வேறு ஆட்கள் வந்து பார்த்தார்கள், இந்த மாதத்துக்குள் முற்பணம் தராவிட்டால் அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

அம்மா உடனே கொடுக்கச் சொல்கிறார். நான் மாட்டேன் என்று குறுக்கே நின்றேன். "நீயும் உன்ட அக்காவும் சேந்துதான் நாளக் கடத்துறீங்க" என்று ஏசினார். அது உண்மையல்ல. உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்: அந்த வீட்டை நான் மழையில் பார்ப்பேன். அப்பா என் பக்கம். "கல்முனை ஆக்களும் கணக்குப் பாக்கத்தானே செய்வாங்க, நிக்கட்டும்" என்றார்.

எழுதுங்கள் அக்கா. ஓம் என்றாலும் இல்லை என்றாலும்.

டினு


பண்டாரவளை
30.10.2024

அன்புள்ள அம்மா, அப்பா, டினு,

சுகமாக இருக்கிறேன். நோய் ஒன்றும் இல்லை. எழுதாமல் இருந்ததற்கு என்னை மன்னியுங்கள், முடிவு எடுத்த பிறகும் எழுதத் துணிவு வர நாள் பிடித்தது.

அம்மா, படிவம் வந்த அன்றே கையெழுத்து வைத்தேன். அடையாள அட்டையையும் பிரதி எடுத்தேன். ஆனால் தபாலில் போடவில்லை. பதினொரு நாள் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். வீட்டில் எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். சின்ன அறையில் ஒரு மேசை போட்டு, மேற்கு யன்னலைத் திறந்து வைத்து, அதில் நான் இருப்பதாய்ப் பல நாள் நினைத்துப் பார்த்தேன். மழை வரட்டும் என்று உங்களுக்கு எழுதியது வீட்டுக்காகத்தான். ஆனால், யோசிக்க எனக்கும் ஒரு தவணை வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் என்னையே கேட்டேன்: அந்த வீடு நாளைக்கே விழுந்துவிட்டால் நான் எங்கே இருப்பேன்? இங்கேதான் என்று பதில் வந்தது. அழுகையோடு வந்தது, ஆனாலும் வந்தது. திரும்பிப் போக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கடவுளுக்கு வார்த்தை கொடுக்க என்னால் முடியாது, அம்மா. படிவத்தைக் கிழித்துவிட்டேன்.

ஆனால் வீட்டை விட்டுவிடாதீர்கள். டினு சொல்வதைக் கேளுங்கள். 21ஆம் திகதி மூவரும் வாருங்கள். குளிருக்குத் தடித்த உடுப்புக் கொண்டுவாருங்கள்.

உங்கள் மகள்,
ஜெனிற்றா


தாண்டவன்வெளி
08.12.2024

அன்புள்ள அருட்சகோதரி ஜெனி அக்கா,

இப்படி எழுத எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருக்கிறது. வெள்ளத்தில் எங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. தபால் ஓடாததால்தான் இவ்வளவு சுணக்கம். வார்த்தைப்பாட்டன்று கோவிலில் அம்மா உங்களோடு ஒரு வார்த்தையும் கதைக்காமல் நின்றதை மனதில் வைக்காதீர்கள். வரும்போது பஸ்ஸில் பதுளை வரைக்கும் உங்கள் முக்காட்டின் தையல் நேராக இருந்ததாவென்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார்.

நாங்கள் திரும்பி ஐந்தாம் நாள் மழை தொடங்கியது. மூன்று நாள் விடவில்லை. விட்ட மறுநாள் காலை, "இப்ப போவம்" என்றேன். அப்பா ஆட்டோவைப் பெரிய தெருவில் விட்டார். ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

வல்லிபுரம் ஐயா வாசற்படியில் குந்தியிருந்தார். "பாருங்க, வீட்டுக்குள்ள வரல்ல" என்றார். உண்மைதான். மூன்று படிகளில் ஒன்று மூழ்கியிருந்தது, இரண்டு காய்ந்திருந்தன. மண்டபம், அறைகள் எதிலும் ஈரம் இல்லை. பின்னால் குசினிக்குள்தான் வாவி நின்றது. அடுப்புக் கல்லைச் சுற்றி மீன்குஞ்சுகள் ஓடின. "முன் வீடு உங்கட தாத்தா கட்டின, குசினி நீங்க கட்டின. அப்படித்தானே?" என்று அப்பா கேட்டார். ஐயா தலையைச் சொறிந்தார்.

அம்மா தண்ணீருக்குள் இறங்கிக் குசினியின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். படலையையும் மதிலையும் அவர் அன்று பார்க்கவேயில்லை. பிறகு, "இத உடைச்சுப்போட்டு, அந்தப் பக்கம் மேட்டில கட்டினா நிண்டு சமைக்கலாம்" என்றார். ஐயாவைப் பார்த்து, "வெள்ளத்துக்க நிக்கிற குசினிக்கும் சேத்தா விலை சொன்னீங்க?" என்றார். ஐயா, "கல்முனைக்காரரும் நேத்து வந்து பாத்துட்டு, வேணாமெண்டு போயிட்டாங்க" என்று சொல்லி, விலையைத் தானாகவே குறைத்தார்.

இரண்டாம் நாள் முகத்துவாரம் வெட்டினார்கள். மாலைக்குள் முற்றத்து மண் தெரிந்தது. முற்பணம் கொடுத்துவிட்டோம்.

இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

டினுஷா


பண்டாரவளை
27.12.2024

அன்பு டினு,

நத்தார் வாழ்த்துகள். உன் கடிதத்தை இங்கே சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தேன். மீன்குஞ்சு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் முழங்கால் அந்தத் தண்ணீரில் என்ன பாடுபட்டதோ?

அவசரப்பட்டுப் பூசவோ பெயின்ற் அடிக்கவோ வேண்டாம். சுவர் குடித்த தண்ணீர் வெளியே வர இரண்டு மாதமாவது வேண்டும். அதுவரை யன்னல்களைப் பகலில் திறந்து வையுங்கள். கிணற்றை முழுவதும் இறைத்துவிட்டு, சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு மருந்து போடுங்கள், அதற்கு முன் அப்பா ஒரு மிடறும் குடிக்கக்கூடாது! மலக்குழியை முன்பக்க மேட்டில் புதிதாக வெட்டுங்கள், ஆனால் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பரிசோதகரிடமே கேளுங்கள். ஆவணி முடிவதற்குள் கூரை ஓடுகளைப் பார்த்து, புரட்டாசிக்குள் பீலியில் சருகு அள்ளுங்கள். வருடா வருடம் செய்தால் வீடு உங்களோடு சண்டை பிடிக்காது.

உறுதி யார் பெயரில்?

செபத்துடன்,
ஜெனிற்றா


செட்டிபாளையம்
16.02.2025

அன்புள்ள அக்கா,

மேலே முகவரியைப் பார்த்தீர்களா! எல்லோரும் சுகம். கிணற்றுக்கு மருந்து போட்டாயிற்று. அப்பா பத்து நாள் போத்தல் தண்ணீர் குடித்துத் தியாகியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு திரிந்தார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நொத்தாரிசு ஐயா பேனையை எடுத்து, "வாங்குறவர்ட பேர்?" என்றார். அம்மா, "சின்னவள்ட பேர்ல எழுதுங்க, டினுஷா" என்றார். என்னிடம் கேட்கவேயில்லை. நான் எழும்பி நின்று, "எனக்கு வேணாம். நான் எங்க படிக்கப் போவன், எங்க இருப்பன் எண்டு எனக்கே தெரியா. ஒரு வீட்ட வச்சு என்னையும் கட்டிப்போடாதீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் 'என்னையும்' என்றது எனக்கே கேட்டது. அம்மா முகம் விழுந்துவிட்டது.

அப்பாதான், "செபஸ்தி, உன்ட பேர்ல எழுதன்கா" என்றார்.

"எனக்கெதுக்கு வீடு, சீதனத்துக்கா? எனக்குக் கல்யாணம் முடிஞ்சு இருபத்தஞ்சு வருசம்!"

நொத்தாரிசு ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அம்மா, கல்யாணம் முடிச்ச ஆக்கள் வீடு வாங்கக்கூடாதெண்டு சட்டத்தில எங்கயும் இல்ல."

அம்மா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு தன் முழுப்பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னார். கையெழுத்து வைக்கும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டார். படத்துக்குள் உள்ள நிலம் மட்டும்தான் உறுதியில் இருக்கிறது. குசினியை உடைக்க மேசனைப் பேசிவிட்டோம்.

திரும்பும் வழியில் கதவுப்பூட்டு வாங்க ஆரையம்பதிச் சந்தியில் இறங்கினோம். கடைக்கார அப்ஹாம் அண்ணா பூட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "ஆர்ட வீட்டுக்கக்கா? மகள்ட சீதன வீடா?" என்று கேட்டார். எல்லோரும் அப்படித்தானே கேட்பார்கள்.

"இல்ல தம்பி" என்றார் அம்மா. "என்ட வீடு."

பிறகு அவர் பேரம் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அப்ஹாம் அண்ணா கடைசியில் ஒரு தாழ்ப்பாளையும் சும்மா தந்து அனுப்பினார்.

குளிர் கவனம். உங்கள் ஏணியும் கவனம்.

செட்டிபாளையத்திலிருந்து,
டினுஷா